காகம் மறக்காத தலை

"மூண்டாந்தரமும் மாப்பிள்ளைட தலையிலதான் கொத்தினது! இது சரிவராது தம்பி. சம்பந்தத்தை இத்தோட விடு."

அப்பாவின் அக்கா சின்னத்தங்கம் மாமி விறாந்தையில் இருந்தபடியே வெளியே கைகாட்டினாள். முற்றத்து மாமரத்தில் காகம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த உதயரூபன் தலையைத் தடவினான். விரலில் இலேசாக இரத்தம்.

மணப்பெண் நிருஷா கதவு நிலையோடு ஒட்டி நின்று அவனையே பார்த்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலம் முழுவதும் பழகியவன் அவன். வீட்டில் யாருக்கும் தெரியாது. 'காதல் கீதல் எண்டு ஒருத்தனும் இந்த வளவுக்குள்ள வரப்படாது' என்று அப்பா முன்பே சொல்லிவைத்திருந்தார். அதனால் தரகர் கொண்டுவந்த புதுச் சம்பந்தம் போலவே எல்லாம் நடந்தது. சண்டை முடிந்து பாதை திறந்ததால்தான் வாவிக்கு அக்கரையிலுள்ள வவுணதீவிலிருந்து மாப்பிள்ளை கிடைத்தார் என்று அப்பாவுக்கும் மகிழ்ச்சி. இப்போது ஒரு காகம் குறுக்கே நிற்கிறது.

"காகம் தலையில அடிச்சா சனி" என்றாள் மாமி. "கலியாணம் முடிச்சா இவர் பொண்ணு வீட்டிலதானே இருக்கப் போறார்? நாளாந்தம் கொத்து வாங்கவா?"

"சும்மா இரு அக்கா" என்றார் அப்பா வினாயகமூர்த்தி. "காகத்துக்கு என்ன மூளையா கிடக்கு? குயில்ட முட்டையத் தன்ர எண்டு அடைகாக்கிற மொக்குச் சாதி. கண்ட தலையில கொத்துது."

"அப்ப உன்ர மொட்டைய ஏன் விட்டது? நல்ல வெளியான இடம்!"

வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் நிருஷாவுக்குத் துணிவு வந்தது.

"காகம் மொக்கு இல்ல மாமி. ஆக்கள்ட முகத்தை மறக்காது. கூட்டில, குஞ்சில கை வைச்ச ஆளைத்தான் தேடித் தேடிக் கொத்தும். கம்பசில படிச்சனாங்க."

"அப்படியோ?" மாமி உதயரூபனிடம் திரும்பினாள். "மகன், இதுக்கு முந்தி இந்த வளவுக்கு வந்திருக்கிறீங்களோ?"

உதயரூபன் நிலத்தைப் பார்த்தான். "இல்ல மாமி. இண்டைக்குத்தான்."

பொய் சொன்னால் அவனுக்கு இடது காது சிவக்கும். இப்போது சிவந்திருந்தது. இவன் எப்போது இங்கே வந்தான்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? அவனுக்குள் தான் நுழையாத அறையே இல்லை என்று நினைத்திருந்தாள். தனக்குத் தெரியாத ஒன்று ஒரு காகத்துக்குத் தெரிந்திருப்பது, கொத்து தன் தலையிலேயே விழுந்ததுபோல் வலித்தது.

"கேட்டியா? வராத மனிசனைக் கொத்தினா அது சனிதான்." மாமி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அப்பா எழுந்து சால்வையைச் சரிசெய்தார். முடிவு சொல்லும்போது மட்டும்தான் அவர் அப்படிச் செய்வார்.

அவ்வளவு நேரமும் அடுக்களையை விட்டு வராத அம்மா அன்னப்பூரணி, அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு முற்றத்தில் இறங்கினாள். மறு கையில், சுனாமி நேரம் நிவாரணத்தில் கிடைத்த நீலக் குடை. வெயில் தலையிடி என்று இரண்டு கிழமையாகக் கிணற்றடிக்கும் அதோடுதான் போகிறாள்.

வாவிக் காற்று ஒரே வீச்சில் குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது.

மாமரத்திலிருந்து காகம் நேரே இறங்கி அம்மாவின் கொண்டையில் கொத்தியது. தேத்தண்ணி முழுக்க மண்ணில். அப்பா சால்வையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். அவரைக் காகம் திரும்பியும் பார்க்கவில்லை.

அம்மா தலையைப் பொத்தியபடி உதயரூபனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு கிழமைக்கு முந்தி மகளைத் தாங்க எண்டு கேட்டு வந்த உங்களை, விழுந்த குஞ்சைத் தூக்கிக் கூட்டில வைக்கச் சொல்லி மரத்தில ஏத்தினது நான்தானே மகன்? ஏணி பிடிச்சவளை மட்டும் இது விடுமா? தரகரை அனுப்பினதும் நான்தான் எண்டு இப்பவே சொல்லிப்போடுறன், பிறகு அதையும் இது சொல்லிப்போடும்."

மாமி வெற்றிலைத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்பா தன் மொட்டையைத் தடவினார். "காகத்துக்கு மூளை இருக்குத்தான் அக்கா. இந்த வளவில ஒண்டும் தெரியாத தலை எது எண்டு பாத்து, அதை மட்டும் விட்டிருக்கு."