இருபது மில்லிமீட்டர்

மரப்பேனா கடையப் பழகும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அக்காவும் தம்பியும் இறந்துபோன அப்பாவின் கைத்தடியோடு வந்தார்கள். மூன்று வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரச்சொல்லிக் கேட்பவன் தம்பி. அந்தத் தடியில் செய்த பேனாவால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பத்திரம் தம்பியின் பையில் இருந்தது.

பயிற்சியாளர் தடியில் ஒரு துண்டு அறுத்து, துளையிட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, மரத்தைச் சுழற்றும் லேத்தில் மாட்டினார். தடிமன் இருபது மில்லிமீட்டர். பன்னிரண்டுக்கு வர வேண்டும்.

அக்கா உளியை வைத்தாள். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. அளந்தால் இருபது. ஒரு மணி நேரத்தில் சீவல் அவள் கணுக்காலை மூடியது. அப்போதும் இருபது.

"மரத்தைச் சீவுறீங்களா, வளர்க்குறீங்களாம்மா?" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் சிரித்தார்கள். அவரே உளியை வாங்கிச் சீவி, அளந்து பார்த்தார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

"வேணும்னே இழுத்தடிக்கிற," என்றான் தம்பி.

"நானாடா? நீயே அளந்து பாரு."

அவன் அளக்கவில்லை. சட்டைப்பையிலிருந்த பிளாஸ்டிக் பேனாவை நீட்டினான். "இதுலயே போடுக்கா. அப்பா என்ன, வந்தா பாக்கப்போறாரு?"

அக்கா லேத்தை நிறுத்தினாள். அவன் எடுத்துத் தந்த பத்திரத்தைப் பக்கத்து மேசையில் வைத்து, அந்தப் பேனாவாலேயே ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நிமிர்ந்தபோது லேத்தில் மரம் இல்லை. வெறும் பித்தளைக் குழாய் மட்டும் மாட்டியபடி இருந்தது.

பத்திரத்தின்மேல் கிடந்த மரத்தூளை ஊதிவிட்டு, தம்பி அதை மடித்துப் பையில் வைத்தான்.