இருபதடி தூரத்தில்

ஒளிந்துகொள்ள அங்கே ஒரு புதர்கூட இல்லை.

கண்ணுக்கெட்டியவரை உறைந்துபோன எரிமலைக் குழம்பு, கன்னங்கரேலென்று. ஜூலை வெயிலில் காலணிக்குள்ளும் சூடு ஏறியது.

அறுபதடி முன்னால் சிரினோ போய்க்கொண்டிருந்தான். அவனுடன் முப்பது வருடம் குடித்தனம் நடத்திய வெனேரா, அவனுக்குத் தெரியாமல் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

இத்தாலியின் எட்னா எரிமலையில் வழிகாட்டி அவன். வாரம் முழுக்கச் சுற்றுலாக்காரர்களை உச்சிக்கு அழைத்துப் போவான். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பான். நான்கு மாதமாக அந்த ஞாயிறும் இல்லை.

“ஏண்டி வெனேரா, லீவு நாள்லகூட மலையேறுறாராமே உன் வீட்டுக்காரர்? மேல யாரைடி குடிவச்சிருக்கார்?” என்று ரொட்டிக் கடையில் பக்கத்து வீட்டு நுன்ஸியா கேட்டாள். கடையே சிரித்தது. வெனேராவும் சிரித்துவைத்தாள்.

வீட்டில் சிரிப்பு வரவில்லை. காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்திருந்தான். ஊரார் காரை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்றுதானே? பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்வை அவள் தோளைத் தாண்டி எங்கோ போய்விடும். கைபேசியைக் காதோடு வைத்து எதையோ கேட்பான். அவள் வந்தால் நிறுத்திவிடுவான்.

இன்று அவன் பஸ் ஏறியதும் அவள் காரை எடுத்தாள்.

பாதை வளையும் இடத்தில் அவன் நின்றான். இடது கையால் பாறையைத் தடவினான். எதையோ முணுமுணுத்தான். அடுத்த பாறைவரை போய்த் திரும்பி வந்தான். மறுபடியும் போனான்.

யாருக்காகவோ காத்திருக்கிறான்.

வரட்டும். வருகிறவள் முகத்தைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். நாற்பதடி. இருபதடி. காலடியில் கல் நொறுங்கியது.

அவன் சட்டென்று திரும்பினான்.

நேராக அவளையே பார்த்தான். நட்ட நடு வெயில். இருவருக்கும் நடுவே ஒரு பாறையும் இல்லை. அவள் போட்டிருந்ததோ, பிறந்தநாளுக்கு அவனே பார்த்து வாங்கித் தந்த சிவப்புச் சட்டை.

மாட்டிக்கொண்டாயிற்று என்றதும் அவளுக்குப் பயம் போய்விட்டது. நான்கு மாதம் அடக்கிவைத்ததையெல்லாம் கேட்டுவிட வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவன் புன்னகைத்தான். தொப்பியை லேசாகத் தூக்கினான். வெளியூர்க்காரர்களிடம் பேசும் அந்தப் பணிவான குரல்.

“தனியாவா வந்தீங்க ஐயா? இதுக்கு மேல சரிவு மோசம், பாத்துப் போகணும். நாளைக்குப் பதினாலு பேரை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். வேணும்னா நீங்களும் சேர்ந்துக்கறீங்களா?”

வேண்டாம் என்று வெனேரா மெல்லத் தலையாட்டினாள்.

அவளையே பார்த்தபடி, அவள் பதிலுக்காக அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான்.