வஜ்ரநாதனுக்கு வந்த கேடு

"நிறுத்துண்ணே! அந்த மெட்ராஸ்கார வஜ்ரநாதனைத் தோல் ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டியில முக்கி எடுக்கணும்!" என்று கையிலிருந்த புகையிலையை வீசினாள் இன்னாசியம்மாள்.

சுருட்டுக் கொட்டகையே கொதித்தது. வஜ்ரநாதன் எழுதிய துப்பறியும் நாவலும் கையுமாக விழித்தான் பொன்னுத்துரை. அவன் புத்தகத்தை விரித்துச் சத்தமாக வாசிக்க உட்கார்ந்தால் போதும், அவன் பங்குச் சுருட்டையும் மற்றவர்களே சுற்றிவிடுவார்கள். பத்து வருசமாக அப்படித்தான்.

"போன வருசம்வரை எப்படி எழுதின மனுசன்! நம்ம மலைக்கோட்டைச் சுனையில பொணம் மிதந்தப்ப எனக்குச் சோறு இறங்கலை" என்றான் சடையாண்டி. "இப்ப எந்தப் புஸ்தகம் எடுத்தாலும் கொன்னவன் சமையக்காரன்! பேரு வந்ததும் கொழுப்பு. நாளைக்கும் இதே கதைன்னா உன் சுருட்டை நீயே சுத்திக்க, அப்பு."

பொன்னுத்துரைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து புத்தகத்தை ஓங்கித் தரையில் அடித்தான்.

"அடப்பாவி! நீ எழுதினதை உள்ளபடி படிக்கணும்னுதானே இந்த வயசில ராப்பள்ளிக்கூடம் போய் ஆனா ஆவன்னா கத்துக்கிட்டேன்? எழுத்துத் தெரியாதவரைக்கும் அட்டைப்படத்தைப் பார்த்து நானாக் கதை கட்டி உன் பேரைக் காப்பாத்தினேனேடா!"

மறுநாள் வஜ்ரநாதனின் வேறொரு நாவலை எடுத்தான். அட்டையில் ஒரு வண்டி. உள்ளே ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் 'வாசிக்க' ஆரம்பித்தான். நிலக்கோட்டைப் பூ வண்டி. மல்லிகை மூட்டைக்கு அடியில் ஒரு பொணம். சடையாண்டியே அவன் பங்குச் சுருட்டைச் சுற்ற ஆரம்பித்தான்.

"நேத்து நாம வைஞ்சது அந்த மனுசன் காதுல விழுந்திருச்சுண்ணே!" என்றாள் இன்னாசியம்மாள்.