சர்க்கரை போடாத டீ

“பொம்மைக்குக் கண்ணு வரையறப்பதாங்க தெரிஞ்சிச்சு. எங்க பாத்தாலும் கரும்புள்ளி மெதக்குது,” என்றாள் விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் வண்ணம் தீட்டும் அன்பரசி.

கண் டாக்டர் உற்றுப் பார்த்தார். “விழித்திரை ரொம்பக் கெட்டிருக்கும்மா. சர்க்கரை இருக்கா?”

“எனக்கில்லீங்க, இவருக்குத்தான். மூணு நாலு வருசமா மாத்திரை போடறாரு. பாத்தா ஏங்குவாரேன்னு நானும் டீக்குச் சக்கரை போடறதில்ல.”

டாக்டர் அவள் கணவன் மதிவாணனை மட்டும் வெளியே அழைத்துப் போனார்.

“இது சர்க்கரையால வந்ததில்ல. எதிர்ப்புச் சக்தி அடியோட போனாத்தான் இந்தக் கிருமி கண்ணைத் தாக்கும். எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணும். முன்னாடியே தெரிஞ்சு அதுக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தா கண்ணு இவ்வளவு கெட்டிருக்காது.”

மதிவாணனின் கை சட்டைப்பையில் இருந்த டப்பாவை இறுக்கிப் பிடித்தது. லேபிளை அவனே கிழித்த டப்பா. சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில், தன் உயிரைக் காத்துவந்த எச்.ஐ.வி. மாத்திரைக்கு அவன் வீட்டில் வைத்த பெயர்தான் சர்க்கரை மாத்திரை.

உள்ளேயிருந்து அன்பரசி குரல் கொடுத்தாள்.

“டாக்டரே, வந்ததுதான் வந்தோம், இவரு கண்ணையும் பாத்துடுங்க. சக்கரை கண்ணைத்தான் மொதல்ல புடிக்குமாமே!”