திரும்பாத பெண்

"சாப்பிட்ட கையோட அங்க ஓடாம, இன்னிக்காவது என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் படுக்கலாமில்ல?"

லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்ட கிண்ணங்களை எடுத்துக்கொண்டே ஜிபெக் கேட்டாள். அதற்குள் மெதெத் மெத்தையில் மல்லாந்திருந்தான்.

"மூணு மணிக்கு ஆள் வருது. இருக்கறது ஒரு மணி நேரம். பேச்சுக் குடுக்காத ஜிபெக். உடம்பு மட்டும் தூங்கணும், நான் முழிச்சுக்கிட்டே உள்ள போகணும்."

ஏரிக்கரையில், உடம்பைத் தேற்றிக்கொள்ள ஆட்கள் வந்து தங்கும் சானடோரியத்தில் மசாஜ் செய்பவன் அவன். முதுகுவலியோடு வந்த ஒரு ரஷ்யக்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வித்தை இது. நினைவு அறுந்துவிடாமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமாம். காதில் ரீங்காரம் வரும், கைகால் மரத்துப்போகும், அப்புறம் பக்கத்து அறைக்குப் போவது போல நேராகக் கனவுக்குள் நடந்து போய்விடலாமாம். அங்கே நினைத்த இடத்துக்குப் போகலாம். நினைத்த ஆளைச் சந்திக்கலாம்.

அந்த ஆள் யார் என்பதுதான் இரண்டு மாதமாக ஜிபெக்கை அரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ரக்கியா காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேறு கிளறிவிட்டிருந்தாள். "மத்த ஆம்பளைங்க வெளியில போய் மாட்டிக்குவாங்க. உன் வீட்டுக்காரன் கெட்டிக்காரன்டி, படுத்த இடத்துலயே போய்ட்டு வந்துடறான். கல்யாணத்துக்கு முந்தி நாரின்ல ஒருத்தி இருந்தாளே, ஐனுரா. அவளாத்தான் இருக்கும்."

கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினாள் ஜிபெக். ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். தேநீர் ஊற்றிக் குடிக்காமல் வைத்தாள். கடைசியில் மெத்தைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மெதெத்தின் இமைகள் துடித்தன. உதடு அசைந்தது.

"திரும்பு... கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன்..."

அப்படியொரு கெஞ்சலை அவளிடம் அவன் ஒருநாளும் கெஞ்சியதில்லை. எழுந்துபோய் இரும்புச் சட்டியின் மூடியை எடுத்துத் தரையில் போட்டாள்.

மெதெத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தான். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"போச்சு. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா திரும்பியிருப்பா."

"யாரு, ஐனுராவா?"

"அவ பேச்சு எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து வந்தா என்ன? இதுக்கு எதுக்குப் படுத்துத் தூங்கணும்? நாரினுக்கே பஸ் ஏறிடுங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த துணியையெல்லாம் உருவிப் பையில் திணித்தாள்.

"ஐனுரா முகம் எனக்கு மனப்பாடம்," என்றான் மெதெத் நிதானமாக. "அவளைப் பாக்க நான் எதுக்கு இவ்வளவு பாடு படணும்?"

ஜிபெக்கின் கை நின்றது. "அப்ப வேற ஒருத்தியா?"

"ஆமா. தினமும் வர்றா. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறா. ஒரே ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டாப் போதும், இந்த வித்தையையே விட்டுடுவேன்."

"அவ்வளவு அழகியா?"

"தெரியலையே. அதைத் தெரிஞ்சுக்கத்தான் போறேன். உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

மெதெத் எழுந்து சுவரோரமாக நடந்து வந்தான். துழாவி, பையின் மேலிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது நீதான். லாரி கவுந்து எனக்குப் பார்வை போய் மூணு வருஷம் கழிச்சுதானே நீ இந்த வீட்டுக்கு வந்தே? கனவுல மட்டும் எனக்கு இன்னும் கண்ணு தெரியுது ஜிபெக்."