செத்த காலேஜில் ஒரு பத்திரிகை

"அஞ்சு மணிக்கு வண்டி கெளம்பிடும். லேட்டா வர்றவங்க பீச்சுக்கு நடந்தே வரலாம், இன்னா?" என்று கத்தினான் கிருஷ்ணசாமி.

மெட்ராசைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று பெருநகர் கிராமத்திலிருந்து வேன் பேசி ஆட்களைக் கூட்டி வந்தவன் அவன்தான். காலையில் புலி, சிங்கம் இருக்கும் உயிர் காலேஜ் ஆயிற்று. இப்போது செத்த காலேஜ். மியூசியத்துக்கு நம் பக்கத்து ஜனங்கள் வைத்த பேர் அது. செத்ததையெல்லாம் பாடம் பண்ணி வைத்திருக்கிற இடத்தை வேறெப்படிச் சொல்வதாம்?

எல்லாரும் திமிங்கில எலும்பைப் பார்க்க ஓடினார்கள். சிட்டம்மாள் மட்டும் மஞ்சள் பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, கல் சிலைகள் இருந்த கூடத்துக்குள் நுழைந்தாள்.

"யக்கா, இங்க இன்னாத்த தேடிக்கினு கீற? பீச்சு வாணாமா ஒனக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள்.

"நீ போ. தோ வந்துடறேன்."

சிலை பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சிட்டம்மாளோ ஒவ்வொரு சிலையின் காலையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவளையே வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரிந்தால்தானே!

ஊர் ஏரி உடைந்த வருஷம், சேற்றில் புதைந்த ஏரிக்கரையம்மாவைத் தோண்டி எடுத்தது அவள் புருஷன்தான். மண்வெட்டி பட்டு அம்மனின் இடது கால் கட்டைவிரல் தெறித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காலுக்கு மஞ்சள் பூசுவது சிட்டம்மாளின் வேலை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "ரொம்பப் பழங்காலத்துச் சிலை" என்று சொல்லி சர்க்கார் லாரியில் மெட்ராசுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை அம்மனுக்குத்தான். மூத்தவள் கல்யாணத்தின்போது ஊரில் அம்மனே இல்லை. சொல்லாமல் செய்த கல்யாணம். ஆறே மாதத்தில் பெண் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். இப்போது வருகிற புதன்கிழமை இளையவள் அம்முலுவுக்குக் கல்யாணம். இந்தத் தடவையும் அம்மனுக்குச் சொல்லாமல் செய்ய முடியுமா?

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மணி நாலே முக்கால்.

கடைசி வரிசையில், ஜன்னலோரம், கட்டைவிரல் இல்லாத அந்தக் கால்!

"யம்மா, இங்கயா வந்து நின்னுக்கினு கீற!"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக் காலடியில் வைத்தாள். ஒரு சிட்டிகை மஞ்சளைக் குழைத்துக் காலில் பூசினாள். கற்பூரமும் ஏற்றியிருப்பாள், அதற்குள் பின்னாலிருந்து ஓர் அதட்டல்.

"ஏய்! இன்னாம்மா பண்ற? இது இன்னா, கோயிலா?"

காக்கிச் சட்டை வாட்ச்மேன். நாலு அடி தள்ளி, கண்ணாடி போட்ட ஆபீசர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு பத்திரிகை நைனா. எங்க ஊரு அம்மா. மூத்த பொண்ணுக்கு இவளாண்ட சொல்லாம வுட்டுட்டோம், அவ வாழாம வந்து வூட்ல குந்திக்கினு கீறா. இவளாவது..."

"அந்தக் கதயெல்லாம் வாணாம். படிச்சிப் பாரு, தொடக்கூடாதுன்னு எய்தி கீது!"

"எனுக்கு எங்க நைனா படிக்கத் தெரியும்?"

அவன் பத்திரிகையை வெடுக்கென்று எடுத்தான். தன் துண்டாலேயே அம்மனின் காலைத் துடைத்தான். மஞ்சள் மொத்தமும் போய்விட்டது.

"போ, போ! டைம் ஆச்சு. இன்னொரு வாட்டி பாத்தேன், போலீசுல குடுத்துடுவேன்."

அவன் குடும்பம் விளங்குமா என்று மனசுக்குள் வைதபடியே சிட்டம்மாள் வெளியே வந்தாள். எட்டு வருஷம் கழித்துக் கண்ணில் பட்டவளுக்கு ஒரு பத்திரிகை வைக்கக்கூடக் கொடுப்பினை இல்லையே!

"ஒன்னால எல்லாருக்கும் பேஜாரு. பொழுது சாயறதுக்குள்ள பீச்சுக்குப் போவ வாணாமா?" என்று கிருஷ்ணசாமி எரிந்து விழுந்தான்.

வேனில் ஒரு காலை வைத்த பிறகுதான், கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. மஞ்சள் பை உள்ளேயே இருக்கிறது.

"ஒரே நிமிசம்ணா!"

திரும்ப ஓடினாள். கூடத்து வாசலில் யாரும் இல்லை, ஆபீசரும் போய்விட்டிருந்தார். பெரிய கதவு பாதி சாத்தியிருந்தது. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். காலில் செருப்பு இல்லை. திறந்திருந்த அவன் மேஜை இழுப்பறைக்குள் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் ஒரு கட்டு. எந்தெந்த ஊர்க்காரர்கள் எந்தெந்தச் சாமிக்குக் கொண்டுவந்தவையோ!

அவன் அம்முலுவின் பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி அம்மனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். முடித்ததும் அதை விரல் இல்லாத காலடியில் பதவிசாக வைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பெரியவளுக்குச் சொல்லாத வுட்டுட்டாங்களாம். நீ ஊர்ல இல்லாததுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க? மனசுல வெச்சிக்காத தாயே, புதங்கெயம ஒரு நட போய் நின்னுட்டு வந்துடு. ஆபீசரு கேட்டா நான் பாத்துக்கறேன்."