கணக்கெடுத்த ராத்திரி

"நாற்பது வருஷம் கழிச்சு வாங்க" என்றார் ஆவணக் காப்பகத்து அதிகாரியம்மா, ஏதோ நாளைக்குச் சாயங்காலம் வாங்க என்பதுபோல.

பழைய இரும்புக்கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, எனக்கு இப்பவே அறுபத்தஞ்சு. நாற்பது வருஷம் கழிச்சு நான் வரணுமா, என் படம் வரணுமா?"

"யார் வந்தாலும் சரிங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேடு நூறு வருஷத்துக்கு ரகசியம். நீங்க கேக்கறது அறுபது வருஷத்துக்கு முந்தினது."

பக்கத்தில் நின்ற மனைவி, "அப்போ பொண்ணு கல்யாணத்தையும் நாற்பது வருஷம் தள்ளி வெச்சுடலாங்க" என்றாள்.

"நீ சும்மா இரு."

விஷயம் இதுதான். ஒரே மகளுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் தங்கம். 'இவர் இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்' என்று மகளும் சொல்லிவிட்டாள். ஆனால் வரப்போகிற சம்பந்தி வாயைத் திறந்தால் தாத்தா புராணம். தாத்தா பெரிய வைத்தியராம். அவர் நாடி பிடித்தால் நோய் நடுங்குமாம்.

பித்தளையையும் முலாம் பூசின தகரத்தையும் தட்டிப் பார்த்தே பிரிக்கிற காது இவருக்கு. சம்பந்தியைத் தட்டியபோது தகரச் சத்தம்தான் கேட்டது. தாத்தா வைத்தியரா, இல்லை வைத்தியர் வீட்டு வண்டி கழுவினவரா என்று தெரிந்துவிட்டால் போதும். கல்யாண வீட்டில் யார் குரல் உசத்தி என்பது அன்றைக்கே முடிவாகிவிடும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நூறுதான் கடைசியா? குறையாதா?"

"என்னது?"

"அம்பதா முடிங்க."

"ஐயா, இது சட்டம். காய்கறி இல்லை."

"காய்கறியா இருந்தா இந்நேரம் அழுகியிருக்கும். சரி, அறுபது. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முழுப் பதிவேடா கேக்கறேன்? ஒரே ஒரு வரி. அந்த ஆள் என்ன வேலை பார்த்தார், எங்க இருந்தார், அவ்வளவுதான்."

"அது ரெண்டும்தாங்க விவகாரமே. கணக்கெடுத்த ராத்திரி யார் எங்க படுத்திருந்தாங்களோ, அங்கேயே பேரை எழுதியிருப்பாங்க. வீடுன்னா வீடு, ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரி, ஜெயிலுன்னா ஜெயிலு. அதனாலதான் பூட்டி வெச்சிருக்கோம்."

மனைவி லேசாக இருமினாள். கடைக்காரருக்கு அது காதில் விழவில்லை.

"செத்துப்போனவனுக்கு என்னம்மா ரகசியம்?" என்று மேசையை ஓங்கித் தட்டினார்.

"செத்தவருக்கு இல்லைங்க. இருக்கிற பிள்ளைங்களுக்கு."

"பிள்ளைங்க யோக்கியமா இருந்தா எதுக்குப் பயப்படணும்?"

"பயம் இல்லேன்னா வழி இருக்கு. அந்தக் குடும்பத்துல பிள்ளையோ பேரனோ சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே திறந்து காட்டிடுவோம்."

"அவன் எப்படிம்மா போடுவான்? போட்டா சாயம் வெளுத்துடுமே! நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். எங்கப்பா கப்பல்ல அதிகாரி. வருஷக்கணக்கா கடல்லயே கிடப்பார். யார் வேணா பாக்கட்டும். பெரிசா எழுதிச் சுவத்துல ஒட்டுங்க!"

"போதுங்க, வாங்க போகலாம்." மனைவி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குப் போகணும்? நாலு பேர் கேக்கட்டும்!"

வரிசையில் நின்ற நாலு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நல்ல பொழுதுபோக்கு.

அதிகாரியம்மா அப்போதுதான் அவருடைய விண்ணப்பத்தை ஒழுங்காகப் பார்த்தார். பேர், அப்பா பேர், தெரு. முகம் மலர்ந்தது.

"அட, அது நீங்கதானா! நல்லவேளை, நீங்களே வந்தீங்க. உங்கப்பா பதிவைப் பாக்கணும்னு நேத்து ஒருத்தர் வந்திருந்தார். உங்களை மாதிரியேதான், மேசையை உடைக்காத குறை. நாற்பது வருஷம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

"யா... யாரும்மா அது?"

"அது ரகசியங்க" என்றார் அதிகாரியம்மா பெருமிதமாக. "பொண்ணு எடுக்கிற இடமாம். கப்பல் கதையெல்லாம் சொல்றாங்களாம். நிஜமான்னு பாக்கணுமாம்."

தகரம் தன்னையும் தட்டிப் பார்க்கும் என்று கடைக்காரர் நினைக்கவே இல்லை.

ஒரு தாளும் பேனாவும் அவர் முன்னால் வந்தன.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அவரை இப்பவே போன்ல கூப்பிட்டுச் சொல்லிடறேன். கப்பல் பேரைக்கூடப் பாத்துக்கட்டும்."

பேனாவைக் கை எடுத்தது. அதற்கு மேல் நகரவில்லை.

அந்தக் கப்பல் அவருக்கு நன்றாகத் தெரியும். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். சின்னப் பையனாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த கப்பல். பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

"என்னங்க யோசனை? போடுங்க" என்றாள் மனைவி. "கண்ணை மூடிக்கிட்டு."

தாளை மெல்லத் திருப்பித் தள்ளினார். நாற்காலியை மேசையோடு ஒட்டினாற்போல் நகர்த்தினார். நாலு பேர் கேட்க வேண்டிய குரல் இப்போது அதிகாரியம்மாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏம்மா, இந்த நூறு வருஷம் போதுமா?"

"ஏங்க?"

"கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன். எரநூறு... சரி, நூத்தம்பது. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்!"